குடைக் கிளிப்பைக் காணோம்

பலகையில் இருபத்தெட்டுக் கிளிப்புகள்தான் இருந்தன. மூன்றாம் வகுப்பு டீச்சர் இன்னொரு தடவை எண்ணினாள். அப்போதும் இருபத்தெட்டு. வகுப்பில் பிள்ளைகள் இருபத்தொன்பது பேர். அந்த வெள்ளிக்கிழமை ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், குப்பைக் கூடையைக் கிளறினாள், பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஸ்கேலை விட்டுத் துழாவினாள். ஒரு பழைய ரப்பரும் அரை பிஸ்கட்டும்தான் வந்து விழுந்தன.

காணாமல் போனது குடைக் கிளிப்பு. வேறு எது போயிருந்தாலும் டீச்சர் இப்படித் தேடியிருக்க மாட்டாள்.

அந்தப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் மனசையும் பள்ளிக்கூடம் கவனிக்க வேண்டும் என்று அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. வகுப்புக்கு ஒரு பலகை. அதில் ஐந்து முகங்கள்: சிரிப்பு, சும்மா, அழுகை, கோபம், பயம். துணி காயப்போடுகிற மரக் கிளிப்பு ஆளுக்கு ஒன்று. காலையில் வந்ததும், இன்றைக்கு எப்படி இருக்கிறோமோ அந்த முகத்துக்குக் கீழே அவரவர் கிளிப்பை மாட்ட வேண்டும். கிளிப்பில் பெயர் எழுத வேண்டாம், பிடித்த படம் வரையுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அதனால் மூன்றாம் வகுப்பில் ஒரு ரயில் இருந்தான், ஒரு தர்பூசணி இருந்தாள், ஒற்றைக்கண் பூனை ஒருத்தி இருந்தாள். அடுத்த கண்ணை வரைவதற்குள் மணி அடித்துவிட்டதாம். ஒரு மாதத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். டீச்சர் வாயிலும் அதுவே வந்தது.

ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் உட்காருகிற சிறுமி, குடை. சிவப்புக் குடை, அதற்கு மூன்று கம்பிகள், கீழே ஒரு நீலத் துளி. அந்தத் துளி மழையா என்று டீச்சர் கேட்டதற்கு, "இல்ல டீச்சர், பேனா கக்கிடுச்சு" என்று சிரித்தவள். அந்தச் சிரிப்பைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது.

திட்டத்துக்குத் தலைவலி வந்தது பெரிய டீச்சரால். பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. கெட்ட மனுஷி இல்லை. ஆனால் எதைக் கண்டாலும் போட்டி வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. சுத்தத்துக்குப் போட்டி, செடி வளர்ப்பதில் போட்டி. பலகைக்கும் ஒரு போட்டி வைத்தார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவரே வகுப்பு வகுப்பாக வந்து எண்ணுவார். எந்த வகுப்பில் அதிகக் கிளிப்பு சிரிப்பு முகத்தில் இருக்கிறதோ அந்த வகுப்புக்கு ஒரு வாரத்துக்கு 'மகிழ்ச்சிக் கோப்பை'. கோப்பையின் ஒரு காது உடைந்து ஒட்டியிருந்தது. அதனால் என்ன, ஐந்து வகுப்பும் அதற்காக அடித்துக்கொண்டன. முதல் வாரமே கோபத்தில் இருந்தவர்களும் பயத்தில் இருந்தவர்களும் சிரிப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். டீச்சருக்கு இது தெரியாமலா? தெரியும். கோப்பையை அலமாரி மேல் வைத்துத் துடைத்தவளும் அவள்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, குடை தன் கிளிப்பை அழுகையில் மாட்டியிருந்தாள். வகுப்பில் அது ஒன்றுதான் அங்கே இருந்தது. "என்ன கண்ணு, என்ன ஆச்சு?" என்று டீச்சர் கேட்டாள். கேட்கும்போதே ஒரு கையால் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள் குடை. வராந்தாவில் பெரிய டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லன்னா எதுக்கு அழணும்? இங்க வா, சிரிச்சுடு பாப்போம்" என்று செல்லமாகச் சொல்லி, டீச்சர் தன் கையாலேயே அந்தக் கிளிப்பை எடுத்துச் சிரிப்பில் மாட்டிவிட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நொடி வேலை. அந்த வாரம் கோப்பை மூன்றாம் வகுப்புக்கு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து குடை தினமும் வந்ததும் தன் கிளிப்பைச் சிரிப்பில் மாட்டினாள், போய் உட்கார்ந்தாள், பேச்சைக் குறைத்தாள், பிறகு சாப்பாட்டையும் குறைத்தாள். இந்த வாரம் வயிற்று வலி என்று மூன்று தடவை கழிப்பறைக்குப் போய் நேரம் கழித்து வந்தாள். டீச்சருக்கு உறுத்தல் தாங்கவில்லை. பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்ல ஏழு பள்ளிக்கு ஒரே ஆளாக அலையும் கவுன்சிலர் அம்மாவுக்குச் சீட்டு எழுதிப் போட்டிருந்தாள். அவர் வரும் நாள் அடுத்த வியாழக்கிழமை.

டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பம்பரம். இதில் பொய்யே கிடையாது. பாடம் நடத்தும்போது நடப்பாள், திருத்தும்போது நடப்பாள், நின்றுகொண்டே சாப்பிடுவாள். மனநலத் திட்டத்துக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தபோது, 'குழந்தை பேச வேண்டுமானால் அதன் கண் உயரத்துக்கு உட்காருங்கள், அவசரப்படாதீர்கள்' என்று சொன்னதை மூன்று நிற மசியில் எழுதிக்கொண்டவள் அவள். அதை நகலெடுத்து எல்லா வகுப்பிலும் ஒட்டியவளும் அவள்தான். ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிட்டாள். வகுப்பின் பின்மூலையில் 'பேசும் மூலை' என்று ஒரு பாய் போட்டு, இரண்டு சின்ன நாற்காலி வைத்திருந்தாள். அந்த நாற்காலிகளில் இதுவரை உட்கார்ந்தவை வண்ணத்தாள் கட்டுகள் மட்டும்.

"குடை, உன் கிளிப்பு எங்க கண்ணு?" என்று வரிசைகளுக்கு நடுவே போய்க்கொண்டே கேட்டாள்.

குடை தலையை நிமிர்த்தினாள். டீச்சர் அதற்குள் தாண்டிப் போயிருந்தாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யாரு அங்க சிரிக்கறது? யாராவது எடுத்திருந்தா குடுத்துடுங்க. திட்டமாட்டேன்."

யாரும் எடுக்கவில்லை. ரயில் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையில் தலையைக் கவிழ்த்தான்.

முதல் இடைவேளையில் டீச்சர் ஆபீஸுக்குப் போனாள். புதுக் கிளிப்பு ஒன்று கேட்கலாம், கவுன்சிலர் அம்மாவுக்கு ஒரு போன் போடலாம் என்று நினைப்பு. ஆபீஸில் கிளார்க் அண்ணன் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஏதோ படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நல்ல வேளை வந்தீங்க. உங்க கிளாஸ்ல ஜன்னல் பக்கத்துப் பொண்ணு இருக்குல்ல? அவங்க அப்பா காலைல போன் பண்ணாரு. மூணு மணிக்கு வர்றாராம். டி.சி. வேணுமாம்."

"டி.சி.யா? எதுக்கு?"

"அவங்க அத்தை வீட்டுக்கு அனுப்பறாங்களாம், வெளியூருக்கு. திங்கக்கிழமை அங்க ஸ்கூல்ல சேக்கணுமாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. நீங்க ஒரு கையெழுத்து போட்டுட்டா நான் ரெடி பண்ணிடுவேன்."

டீச்சர் கையெழுத்துப் போடவில்லை. "அப்புறம் வரேண்ணா" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் நின்று குடையின் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தாரோ, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கவுன்சிலர் அம்மாவும் எடுக்கவில்லை. மணி பத்தரை. அடுத்த வியாழன்வரை குடை இங்கே இருக்க மாட்டாள். என்னவென்று தெரியாத ஒன்றை அந்தச் சின்ன நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, தெரியாத ஊருக்குப் பஸ் ஏறிவிடுவாள். அங்கேயும் ஒரு பலகை இருக்கலாம். அங்கேயும் சிரிப்பில் மாட்டுவாள். எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான், என்று நினைத்தபோது டீச்சருக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை என்று வகுப்புக்கு ஓடினாள்.

கிளிப்பைக் குடையே விட்டெறிந்திருக்க வேண்டும் என்று டீச்சருக்குத் தோன்றிவிட்டது. மூன்று வாரம் பொய்யாக மாட்டி மாட்டிச் சலித்துப்போய், எங்கேயோ தூக்கிப் போட்டிருக்கிறாள். அது எங்கே கிடக்கிறது என்று தெரிந்தால் இவள் எங்கே போய் ஒளிகிறாள் என்றும் தெரியும். இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, வாசிப்பு பீரியடில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, வாசலிலேயே நின்று ஒரு கண்ணை வகுப்பின்மேல் வைத்துச் செருப்பு அடுக்கைத் தேடினாள். குடிநீர்க் குழாயடியைத் தேடினாள். இடைவேளையில் கழிப்பறைக் கதவுகளுக்குப் பின்னால் பார்த்தாள், ஜன்னல் கம்பிகளைத் தடவினாள், விளையாட்டுச் சாமான் அறையில் பந்துக் கூடையைக் கவிழ்த்தாள். பதினான்கு பந்துகளும் நாலா பக்கமும் உருண்டு ஓடின. அவற்றைத் துரத்திப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அவள் போகுமிடமெல்லாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். கவலையில் இருந்தவளுக்கு அது கோபத்தைத்தான் கிளப்பியது.

"என்ன வேடிக்கை? போய் விளையாடுங்க!"

சாப்பாட்டுக் கூடத்தில் குடையின் டப்பா திறக்காமலே இருந்தது. டீச்சர் குனிந்து தானே மூடியைத் திறந்து பார்த்தாள். ரொட்டியும் வேகவைத்த முட்டையும். ரொட்டி ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் காகிதம் மாதிரியும் வெட்டியிருந்தது. பழக்கமில்லாத கை.

"ஏம்மா சாப்பிடல?"

"வயிறு வலிக்குது டீச்சர்."

"வீட்டுல அம்மாவுக்கு என்ன உடம்பு?"

"ஒண்ணுமில்ல டீச்சர்." குடையின் கண்கள் டீச்சரின் முகத்தில் இல்லை. டீச்சரின் இடுப்புக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

"அத்தை வீட்டுக்குப் போறியாமே? உனக்குப் பிடிச்சிருக்கா? ஏன் அனுப்பறாங்க? உனக்குத் தெரியுமா?"

ஒரே மூச்சில் நாலு கேள்வி. குடை வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட, டீச்சர் துணி எடுக்க ஓடினாள். திரும்பி வந்தபோது டப்பா மூடியிருந்தது. வாயும் மூடியிருந்தது.

கூடத்தைப் பார்த்துக்கொள்கிற சாப்பாட்டு அக்கா, ஈரத் துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஏன் டீச்சர் இப்படிப் பறக்கறீங்க? ஒரு வாய் சாப்பிடுங்க. காலைலேர்ந்து நீங்க ஓடறதப் பாத்து எனக்கே கால் வலிக்குது."

"ஒரு கிளிப்பைக் காணோம்க்கா."

"கிளிப்பா?" அக்கா ஏதோ சொல்ல வந்தாள். ஒன்றாம் வகுப்பு வரிசையில் ஏதோ கவிழ்ந்தது. அக்கா அங்கே போனாள், டீச்சர் வேறு பக்கம் போனாள்.

இரண்டு மணிக்கு ஓவிய பீரியட். டீச்சருக்குக் கால் ஓய்ந்துவிட்டது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துவிட்டு, ஆபீஸுக்குப் போய் இன்னொரு தடவை போன் போடலாமா என்று வாசல்வரை போனாள். திரும்பினாள். பின்மூலையில் சின்ன நாற்காலி கண்ணில் பட்டது. வண்ணத்தாள் கட்டைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, தொப்பென்று உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள்.

"ஆ!"

நறுக்கென்று ஏதோ இடுப்பில் குத்தியது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. ரயில் நாற்காலியிலிருந்து கீழே விழுந்தே சிரித்தான். டீச்சர் கையைப் பின்னால் விட்டாள். முட்டிவரை தொங்குகிற பழைய ஸ்வெட்டரைத்தான் அவள் தினமும் போட்டிருப்பாள். அதன் முதுகுப் பக்கம் மரக் கிளிப்பு ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள். சிவப்புக் குடை, மூன்று கம்பி, ஒரு நீலத் துளி.

"காலைலேர்ந்து அங்கதான் டீச்சர் இருந்துச்சு!" என்று கத்தினாள் தர்பூசணி. "நீங்க குனிஞ்சு எனக்கு லேஸ் கட்டினீங்கல்ல, அப்பதான் குடை மாட்டினா! யாரும் சொல்லக் கூடாதுன்னு சொன்னா!"

நாள் முழுக்க அதைச் சுமந்துகொண்டே அதைத் தேடியிருக்கிறாள். ஆபீஸ், குழாயடி, கழிப்பறை, பந்துக் கூடை. அவமானமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. சட்டென்று எழுந்து குடையிடம் போகத்தான் கால் கிளம்பியது. அப்போது பார்த்தாள்: வகுப்பில் சிரிக்காத ஒரே ஆள் குடை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, டீச்சர் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில், அவள் தலைக்கு மேலே, மூன்று நிற மசியில் எழுதிய தாள் ஒட்டியிருந்தது.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும். முழங்கால் தானாக ஆடியது. கையால் அழுத்திக்கொண்டாள். "எல்லாரும் வரைங்க" என்று மட்டும் சொன்னாள். இன்னொரு நாற்காலியிலிருந்த தாள் கட்டையும் எடுத்துக் கீழே வைத்தாள். கிளிப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. பென்சில்கள் கீறுகிற சத்தம் கேட்டது. கடிகாரம் இரண்டு பத்து, இரண்டு பன்னிரண்டு என்று போனது. கூப்பிட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கூப்பிடவில்லை.

இரண்டே கால் இருக்கும், குடை வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"எங்க மாட்டறதுன்னு தெரியல டீச்சர்" என்றாள் மெதுவாக. "அதான் உங்க மேல மாட்டினேன்."

"ம்."

"சொல்லலாம்னு வந்தேன். நீங்க நிக்கவே மாட்டேங்கறீங்க."

டீச்சருக்கு அது சுருக்கென்று பட்டது. பதில் சொல்ல வாய் துடித்தது. "இப்ப உக்காந்திருக்கேன்" என்றாள்.

குடை தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்க வீட்டுல ஒரு பாப்பா வர்றதா இருந்துச்சு. அம்மா வயிறு பெருசா இருந்துச்சு. என் அலமாரில பாதிய பாப்பாவுக்குக் குடுன்னு அம்மா சொன்னாங்க. நான் மாட்டேன்னு கத்தினேன். பாப்பாவே வேணாம், வராமலே போகட்டும்னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. பாப்பா இல்லாம வந்தாங்க."

டீச்சர் கிளிப்பை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அம்மா படுத்தே இருக்காங்க. அம்மா முன்னாடி அழக் கூடாது, சிரிச்ச மூஞ்சியா இருன்னு அப்பா சொன்னாரு. இங்கயும்..." குடை பலகையைப் பார்த்தாள். மேற்கொண்டு சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். "நான் சொன்னதாலதான பாப்பா வரல? அதனாலதான் என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பறாங்க."

"இல்ல கண்ணு." டீச்சர் அவள் பக்கம் குனிந்தாள். "நீ சொன்னதால இல்ல. கோபத்துல ஒரு வார்த்தை சொன்னா அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. சத்தியமா ஆகாது. அன்னைக்கு உன் கிளிப்பை நான் மாத்தினது தப்பு. டீச்சர்தான் தப்பு பண்ணேன்."

குடை அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். எடை போடுகிற பார்வை. "நீங்க ஆஸ்பத்திரிக்கு வரலயே டீச்சர்" என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவர் மூன்று மணிக்கு வந்து, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகப் போகிறார்.

"அப்பாவுக்குத் தெரியும். இதை அப்பாகிட்ட சொல்லலாமா? நானும் கூட இருக்கேன்."

"அப்பா திட்டுவாரா?"

"நான் பக்கத்துலயே இருப்பேன்."

யோசிக்க அவளுக்கு நேரம் எடுத்தது. கடிகாரம் நிற்கவில்லை. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தலையை ஆட்டினாள். டீச்சர் அடுத்த வகுப்பு டீச்சரிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

வராந்தா அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் டீச்சருக்குத் தெரிந்தது. குடை ஒவ்வொரு தூணிலும் விரலைத் தடவிக்கொண்டு நடந்தாள். கண்ணாடி ஜன்னலுக்குள் கிளார்க் அண்ணனும், அவர் எதிரே அழுக்குச் சீருடையும் தோளில் கருவிப் பையுமாக ஒரு மனிதரும் தெரிந்தார்கள். கிளார்க் அண்ணன் பேனாவை நீட்டினார். ஓடிப்போய்த் தடுக்கக் கால் துடித்தது. ஆனால் அவள் கைக்குள் இருந்த சின்னக் கை அதன் வேகத்தில்தான் வந்தது. இழுத்தால் அது வழுக்கிப் போய்விடும் என்று டீச்சருக்குத் தெரிந்தது. நடந்தாள். இரண்டு தூண், மூன்று தூண். அந்த மனிதர் பேனாவை வாங்கினார்.

"சார்" என்றாள் டீச்சர் உள்ளே போனதும். "கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இவ உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். கொஞ்சம் உக்காருங்க."

"நேரமில்ல டீச்சர், வண்டிய வெளில..."

"உக்காருங்க சார்."

அவர் உட்கார்ந்தார். டீச்சரும் உட்கார்ந்தாள். கிளார்க் அண்ணன் விவரம் புரிந்த ஆள். ஏதோ தேடுகிற மாதிரி பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

குடை சொன்னாள். டீச்சரிடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை. அலமாரி, கத்தினது, வராமலே போகட்டும் என்றது. சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கருவிப் பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

அப்பா கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். பிறகு, "நீ எப்ப அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். "எனக்கு ஞாபகமே இல்லியே கண்ணு. அம்மாவுக்கும் இருக்காது. அதையா நீ இத்தனை நாளா..." பேனா கையிலிருந்து நழுவியது. "பாப்பாவுக்கு வயித்துக்குள்ளயே உடம்பு சரியில்லாம போச்சு. டாக்டரே சொன்னாங்க, யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. நீ சொன்னதால இல்ல. நீ வேணாம்னு உன்னை அனுப்பலடா. எனக்கு சமைக்கத் தெரியல, உனக்குத் தலை வாரிவிடத் தெரியல. அத்தை வீட்டுல நல்லா பாத்துப்பாங்கன்னு நினைச்சேன்."

அவர் அழுதார். பெரிய ஆளான ஒருவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதார். குடை பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, அழாதீங்க, அம்மா பாத்துடுவாங்க!"

"அம்மா இங்க இல்லியே" என்றார் அவர்.

அதைக் கேட்டுக் குடை ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவளும் அழுதாள். மூன்று வாரத்து அழுகை. பீரோவுக்குள்ளிருந்து கிளார்க் அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. டீச்சரும் அழுதாள். எழுந்து தண்ணீர் கொண்டுவரலாம் என்று தோன்றியதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே அழுதாள்.

கடைசியில் அப்பாதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிவத்தை மடித்தார். "இது இருக்கட்டும்ணா. திங்கக்கிழமை இங்கயே வருவா" என்றார். அடுத்த வியாழக்கிழமை கவுன்சிலர் வருவார், குடையின் அம்மாவுக்கும் பேச ஆள் சொல்வார் என்று டீச்சர் சொன்னதற்குத் தலையாட்டினார். மணி அடிக்கும்வரை வெளி பெஞ்சில் இருக்கிறேன் என்றார்.

அவர்கள் வகுப்புக்குத் திரும்பியபோது கடைசி பீரியட் தொடங்கியிருந்தது. பெரிய டீச்சர் பேனாவும் நோட்டுமாகப் பலகை முன்னால் நின்றிருந்தார். "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். இருபத்தெட்டும் சிரிப்பு. ஒண்ணு மட்டும் காணோம். அதையும் மாட்டிட்டா கோப்பை உங்களுக்குத்தான்."

டீச்சர் உள்ளங்கையிலிருந்த கிளிப்பைக் குடையிடம் நீட்டினாள். குடை அதை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். கண் இன்னும் சிவந்திருந்தது. கிளிப்பை அழுகைக்குக் கீழே மாட்டினாள். மாட்டிவிட்டுத் திரும்பி, டீச்சரின் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

டீச்சர் இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"என்ன டீச்சர் இது?" என்றார் பெரிய டீச்சர்.

"அழுகை ஒண்ணு மேடம். அப்படியே எழுதிக்கோங்க."

"கோப்பை ரெண்டாம் கிளாஸுக்குப் போயிடும்."

"போகட்டும் மேடம்."

ரயில் கையைத் தூக்கினான். "டீச்சர், நானும் மாத்திக்கலாமா? நாளைக்கு எனக்குப் பல் புடுங்கறாங்க." கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்த் தன் கிளிப்பைப் பயத்துக்கு மாற்றினான். தர்பூசணி எழுந்தாள். "பூனை என் பக்கத்துல உக்காரமாட்டேன்னு சொல்லிட்டா" என்று கோபத்தில் மாட்டினாள். பூனை விடுவாளா, அவளும் கோபத்தில் மாட்டினாள். பிறகு நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. ஒருவன் சும்மாவுக்குப் போய், "நான் எப்பவும் சும்மாதான் இருக்கேன்" என்றான். பெரிய டீச்சர் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். பிறகு எழுதுவதை விட்டுவிட்டு, வழிமறிக்காமல் ஓரமாகத் தள்ளி நின்றார்.

டீச்சர் பின்மூலைக்குப் போய்ச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் குடை தன் பையைத் திறந்தாள். டப்பாவை வெளியே எடுத்தாள். வகுப்பில் சாப்பிடக் கூடாது என்பது விதி. அதை எழுதி ஒட்டியிருந்தவளும் டீச்சர்தான். குடை அந்தக் கோணல் ரொட்டியைத் தடிமனான பக்கத்திலிருந்து கடிக்க ஆரம்பித்தாள். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.